விண்மீனுக்கு எல்லை வகுத்தவர்

தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரிலிருந்து மாநில எல்லையைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. சென்றால் கர்நாடகத்தின் ஓசகோட்டே. இலடாக்கின் ஆன்லேயில் மலைமீது நிற்கும் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் வழியாக இயக்குவோர் இங்கேதான் அமர்ந்திருக்கின்றனர். இமாலயச் சந்திரா என்னும் அத்தொலைநோக்கியின் பெயருக்கு உரியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910 அக்டோபர் 19இல் இலாகூரில் பிறந்த அவர், சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் பயின்றார். சர் சி. வி. இராமன் அவருடைய சிற்றப்பா. தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். 1930இல் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தபோது தாய் நோயுற்றிருந்தார். மகன் தயங்க, புறப்படுமாறு வற்புறுத்தியவரும் அவரே. மறு ஆண்டே அவர் மறைந்தார். மகன் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தார்.

அக்கப்பற்பயணத்தில், 19 வயதில், அவர் போட்ட கணக்கே பின்னாளில் புகழ்பெற்றது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பால் சுருங்கும். நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தம் அதனைத் தாங்கி, வெண்குறுமீனாக நிலைநிறுத்தும் என்று அறிஞர் கருதினர். அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன நேரும் என வினவினார் சந்திரசேகர். தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. அது சூரிய நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனை விஞ்சினால் சுருக்கம் நில்லாது.

1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் இதனை விளக்கினார். அடுத்துப் பேசிய எடிங்டன், இயற்கை இத்தகைய விந்தைக்கு இடந்தராது என எள்ளி நகையாடினார், அவையும் சிரித்தது. தனிமையில் சந்திரசேகரை ஆதரித்த இயற்பியலாளர் சிலர் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. அவர் தம் முடிவுகளை 1939இல் நூலாக்கிவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். ஆயினும் எடிங்டனுடன் நட்பு முறியவில்லை. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டி அவரைப் போற்றிச் சொற்பொழிவாற்றியவரும் சந்திரசேகரே என்பது எண்ணத்தக்கது.

1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகமே அவர் பணிக்களம். அறுபது வயதைக் கடந்தபின் கருந்துளைகளின் பக்கம் திரும்பினார். தட்டிய மணிபோல் கருந்துளையும் அதிர்ந்து அடங்கும். அவ்வதிர்வெண்களை 1975இல் டெட்வீலருடன் இணைந்து கணக்கிட்டார். 1983இல் கருந்துளைகள் பற்றிய பெருநூல் வெளிவந்தது. இளமைக் கணக்கு உட்பட விண்மீன் ஆய்வுகளுக்காக நோபல் பரிசும் அவ்வாண்டே வந்தது.

1995 ஆகஸ்ட் 21இல் மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முறையாகப் பதிவு செய்தன. அப்பதிவின் இறுதியில், அதிர்ந்து அடங்கும் அம்மணியோசை மெலிதாகப் பதிந்திருந்தது.