நீருக்கு வழி கண்ட ஹென்றி டார்சி

பிறந்த ஊருக்கு நன்மை செய்தோர் பலர். அந்த நன்மைக்குக் கூலி வேண்டாம் என்றோர் சிலர். அப்பணியிலிருந்தே உலகுக்குப் பொதுவான ஒரு விதியைக் கண்டெடுத்தோர் மிகச் சிலர். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த ஒருவரின் வரலாற்றை நம் மன்றத்துத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பொறியியல் பயிலும் நண்பர்கள் அவர் பெயரைத் தேர்வுத் தாளில் கண்டிருப்பார்கள். அவர் வாழ்வை அறிந்தவர் குறைவு.

ஹென்றி டார்சி 1803ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மனம் தளராமல் மைந்தரின் கல்வியைக் காத்தார். பாரிசில் பலதுறைத் தொழிற் கல்லூரியிலும், பின்னர் பாலங்கள் சாலைகளுக்கான பொறியியற் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க எஞ்சினீயராகத் தம் ஊருக்கே திரும்பினார்.

அந்நாளில் திஜோன் மக்கள் குடித்த நீர் கிணற்று நீர். அதுவும் கழிவு கலந்த நீர். நோய் வந்தது. இளம் எஞ்சினீயரான டார்சி, நகருக்கு வெளியே ரோசுவார் என்னும் ஊற்றைத் தேர்ந்தார். அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு மூடிய கால்வாய் அமைத்து நீரைக் கொணர்ந்தார். பம்பு ஒன்றும் இல்லை. நிலத்தின் சரிவே நீரை ஓட்டியது. 1840 செப்டம்பரில் ஊற்று நீர் நகரை அடைந்தது. தேக்கத் தொட்டிகளிலிருந்து தெருத்தோறும் குழாய்கள் பிரிந்து சென்றன. பாரிசு மாநகரே அன்று இத்தகைய வசதியைப் பெற்றிருக்கவில்லை.

இவ்வளவு பெரும் பணிக்கு உரிய ஊதியத்தை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. நகரத்தார் அளித்த பொற்பதக்கத்தையும், வாழ்நாள் முழுதும் தம் வீட்டுக்கு இலவச நீரையும் மட்டும் ஏற்றார். திஜோன் வழியாக இரயில் பாதை வருவதற்கும் அவர் பாடுபட்டார். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள பிளேசி சுரங்க வழி அம்முயற்சியின் பயன்.

ஆனால் 1848ஆம் ஆண்டுப் புரட்சி அவர் வாழ்வைப் புரட்டிற்று. ஊருக்கு நீர் தந்தவரை அரசியல் காரணத்தால் ஊரைவிட்டே அகற்றினர். பூர்ழ் நகரில் பணியாற்றிய பின், பாரிசில் நீர் வழங்கலுக்கும் சாலைகளுக்கும் தலைமைப் பொறுப்பேற்றார். அங்கே குழாய்களில் ஓடும் நீரின் உராய்வை ஆராய்ந்தார். உடல் நலம் குன்றவே, 1855இல் பதவியை விட்டு ஆராய்ச்சியையே மேற்கொண்டார்.

நோயுற்ற அம்மனிதர் திஜோன் மருத்துவமனை வளாகத்தில் நிமிர்ந்த இரும்புக் குழாயொன்றை நிறுத்தி, அதில் மணல் நிரப்பி, நீரைச் செலுத்தி அளந்தார். மருத்துவமனையில் யாரேனும் குழாயைத் திறந்தாலும் மூடினாலும் அவருடைய அழுத்தமானியில் பாதரசம் ஆடிற்று. ஒரு வழியில் நேர்வது மற்ற வழிகளையும் தாக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ? அவர் கண்ட விதி இது: மணலூடே செல்லும் நீரின் அளவு, அழுத்த வேறுபாடு கூடினால் கூடும், மணலின் நீளம் கூடினால் குறையும், மணலின் தன்மைக்கேற்ப மாறும். 1856இல் வெளியான, திஜோன் நகரின் நீரூற்றுகளைப் பற்றிய பெருநூலில் பிற்சேர்க்கையாக இது இடம்பெற்றது.

இவ்விதியின் பொருளை நான் ஓர் எண்ணெய் வயலில் பயிற்சி பெற்றபோது உணர்ந்தேன். அங்கே முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் பம்பு ஒன்று ஐந்து கிணறுகளுக்குள் நீரைச் செலுத்திக்கொண்டிருந்தது. இத்தகைய பம்பு, எதிர்ப்பு மிகுந்தாலும் குறைந்தாலும், ஒரே வேகத்தில் ஓடும்வரை ஏறத்தாழ ஒரே அளவு நீரையே தள்ளும். ஆகவே ஒரு கிணற்றின் வால்வை நெருக்கினால் மொத்தம் குறையாது, அந்த நீர் மற்ற நான்குக்கும் பாயும், அழுத்தமும் ஏறும். ஐந்தையும் அடைத்தால் குழாய் வெடிக்கும். அதனால்தான் காப்பு வால்வு வைக்கிறார்கள். எந்த வால்வையும் தொடாமல் விட்டாலோ, இளகிய பாறையுள்ள கிணறு பெரும்பங்கை விழுங்கிவிடும். இறுகிய பாறையுள்ளது பட்டினி கிடக்கும். ஆதலால் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அளவுமானி வேண்டும். நீரை ஏற்கத் தயங்கும் கிணற்றை முழுதும் திறந்துவைத்து, எளிதில் ஏற்பவற்றை நெருக்க வேண்டும். மிஞ்சிய நீரைத் தொட்டிக்கே திருப்ப வேண்டும். அல்லது பம்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை டார்சியின் மணற்குழாயே.

சித்தூர்ச் சீமையில் வெதுருகுப்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் பக்கம் கடும்பாறை நிலம். ஒரு வயலில் பாறை வெடிப்பு அகப்பட்டால் நீர் கிடைக்கும். வரப்பைத் தாண்டினால் வெறும் பாறைப்பொடி. கவலை போய் எஞ்சின் வந்தது. எஞ்சின் போய் மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. நீரோ கீழே இறங்கிக்கொண்டே போனது. வறண்ட கிணறுகளில் மழைநீரை உள்ளே விடலாம் என்று இப்பொழுது பேசுகிறார்கள். அந்த நீர் எவர் நிலத்தடியில் போய்ச் சேரும், எவர் மோட்டார் அதை இறைக்கும் என்பதில்தான் பூசல். இப்பூசல் உரத்த குரலால் தீராது. எந்தக் கிணறு நாளொன்றுக்கு எவ்வளவு ஏற்கிறது, பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தால்தான் பங்கீட்டைப் பற்றி நியாயமாகப் பேச முடியும்.

டார்சி 1858 ஜனவரி 3ஆம் நாள் பாரிசில், ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார். அகற்றப்பட்டவரின் உடலைத் திஜோன் நகரமே திரண்டு வரவேற்றது. நகரின் ஒரு சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோழர்களே! நம்மில் பலர் வானம் பார்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். பட்டம் பெற்றுத் திரும்பும்போது ஊருக்கு என்ன கொண்டுபோவோம்? ஓர் அளவுநாடாவும், ஒரு குறிப்பேடும், எவர் வயலாயினும் ஒரே நேர்மையோடு அளக்கும் மனமும் கொண்டுபோனால், அதுவே நாம் டார்சிக்குச் செய்யும் வணக்கம்.