கடல் கடந்து வந்த ஆங்கில ஆசிரியர்

ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலருக்குக் கை நடுங்குகிறது. பிழை வருமோ, ஆசிரியை கோபிப்பாரோ என்று அஞ்சுகிறோம். ஆசிரியருக்கு நம் தாய்மொழியே தெரியாது என்றால் நம் பாடு என்னவாகும்! அப்படி ஓர் ஆசிரியராக ஜப்பானுக்குச் சென்று, மாணவர் உள்ளங்களை வென்றவர் லாப்காடியோ ஹெர்ன். அவரது வாழ்வைச் சிறிது காண்போம்.

ஹெர்ன் 1850 ஜூன் 27 அன்று கிரேக்க நாட்டு லெப்கடா தீவில் பிறந்தார். தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்தைச் சேர்ந்த இராணுவ மருத்துவர். நான்கு வயதிலேயே தாயைப் பிரிந்த அவர், அதன்பின் அன்னையின் முகத்தைக் காணவே இல்லை. தந்தையின் உறவினரான மூதாட்டி ஒருவர் அவரை வளர்த்தார். பதினாறாம் வயதில் பள்ளி விளையாட்டின்போது அடிபட்டு இடக்கண் பார்வை போயிற்று. மற்றக் கண்ணும் மங்கலே. பத்தொன்பது வயதில் கையில் காசின்றி அமெரிக்கா சென்றார். பசியோடு போராடிப் பத்திரிகை எழுத்தாளரானார்.

1890 இல் ஜப்பானைப் பற்றி எழுதச் சென்றவர், அங்கு ஆசிரியர் வேலையை ஏற்றார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. ஏரிக்கரையில் அமைந்த மாட்சுயே என்னும் நகரமே அவர் பணியாற்றிய இடம். மாதச் சம்பளம் 100 யென்.

அங்கு அவரது அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? காலையில் அரிசி குத்தும் உலக்கை ஓசை கேட்டுக் கண் விழிப்பார். பாலத்தின்மேல் மரச் செருப்புகளின் ஒலி எழும். ஏறத்தாழ 300 மாணவர் பயின்ற நடுநிலைப்பள்ளிக்கும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கும் சென்று கற்பிப்பார். சக ஆசிரியரான நிஷிதா சென்டாரோ அவருக்கு வழிகாட்டியாகவும் உற்ற நண்பராகவும் விளங்கினார். மனிதர் மனத்தில் நெடுநாள் நிலைத்து நிற்பது எது என்பது போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுதச் சொல்வார். மாணவர் எழுதியவற்றில் இலக்கணப் பிழையை மட்டும் பாராமல், உள்ளே இருந்த எண்ணத்தையும் படித்தார்.

மாலையில் மாணவர்கள் வீடு தேடி வருவர். பாயில் அமர்ந்து, தங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய பொருள்களைக் கொண்டுவந்து காட்டுவர். வகுப்பில் ஆசிரியராக இருந்தவர் வீட்டில் மாணவராகிவிடுவார்!

அவர் அன்பு வைத்திருந்த மாணவர் இருவர் நோயால் இறந்தனர். அவர்களில் ஒருவன் தச்சரின் மகன். சாகுமுன் பள்ளியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவன் ஏங்கினான். வயது முதிர்ந்த பணியாள் அவனை முதுகில் சுமந்து, இரவிலே பள்ளிவரை கொண்டு சென்றார். இச்செய்தியை ஹெர்ன் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். காலையில் பள்ளி மணி அடித்ததும் சலித்துக்கொள்ளும் நாம் இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

மாட்சுயேயின் கடுங்குளிரில் ஹெர்ன் நோயுற்றார். சாமுராய்க் குடும்பப் பெண்ணான கோயிசுமி செட்சு 1891 இல் அவர் இல்லத்தைக் கவனிக்க வந்து, பின் மனைவியானார். இருவரும் தாமே அமைத்துக்கொண்ட எளிய ஜப்பானிய மொழியில் பேசினர். செட்சு சொன்ன பழங்கதைகளே ஹெர்னின் பேனாவால் உலகப் புகழ் பெற்றன. 1904 இல் வெளிவந்த 'குவைதான்' என்னும் நூல் அவற்றுள் சிறந்தது.

குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் அவர் குமமோட்டோவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் ஒரு வாளைப் பரிசளித்து வழியனுப்பினர். மனைவி மக்களின் எதிர்காலம் கருதி 1896 இல் ஜப்பானியக் குடிமகனாகி, கோயிசுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவ்வாண்டே டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன விரிவுரைகளை மாணவர்கள் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டனர்; அவர் மறைவுக்குப் பின் அவை நூல்களாயின. 1903 இல் பல்கலைக்கழகம் அவரை விலக்க முற்பட்டபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் அவர் வெளியேற நேர்ந்தது. 1904 செப்டம்பர் 26 அன்று தம் 54 ஆம் வயதில் இதயநோயால் காலமானார். மாட்சுயேயில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

தாயையும் வீட்டையும் இழந்த சிறுவன், உலகின் மறுகோடியில் ஒரு குடும்பத்தையும் ஒரு நாட்டையும் பெற்றான். கற்பிக்கச் சென்ற இடத்தில் கற்றுக்கொள்ளவும் மனம் வைத்ததே அதற்குக் காரணம். நம் ஆசிரியர்களுக்கும் அவர்கள் விட்டு வந்த ஊர் உண்டு, உறவு உண்டு. நாளைய ஆங்கில வகுப்பில் பிழைக்கு அஞ்சாமல் எழுதுவோம். நமக்காக அமர்ந்து திருத்தும் அந்தக் கைகளை நன்றியோடு நினைப்போம்!