நிழலின் நடுவே ஒளி: அகஸ்டின் பிரெனெல் சரிதம்

ஒளியின் இயல்பை உலகிற்குத் தெளிவித்த அகஸ்டின் பிரெனெல் என்பார் எட்டு வயதளவும் செவ்வனே வாசிக்க அறியாதிருந்தார். இவர் 1788-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி பிரான்சு தேசத்து நார்மண்டியிற் பிறந்தார். தந்தையார் கட்டடச் சிற்பி; குடும்பமோ தெய்வபக்தி மிக்கது. பாரிஸ் நகரத்திற் கற்றுத் தேறிச் சாலைகள் அமைக்கும் அரசாங்க எஞ்சினீயரானார்.

1815-இல் நெப்போலியன் எல்பாத் தீவினின்று மீண்டபோது, அவனை எதிர்த்தோருடன் சேர்ந்தமையால் உத்தியோகம் இழந்தார். ஆயினும் சோர்ந்திலர். தாயார் இல்லத்தில் தங்கி ஒளிப் பரிசோதனைகளைத் தொடங்கினார். நல்ல வில்லை கிடையாமையால், சிறு துளையில் இட்ட தேன்துளியையே வில்லையாகக் கொண்டார். மெல்லிய கம்பியின் நிழலுக்குள் ஒளிவரைகளும் இருள்வரைகளும் மாறி மாறித் தோன்றின. கம்பியின் ஒரு பக்கத்து ஒளியைத் தடுத்த அளவில் அவை மறைந்தன. ஆகவே, இருபுறத்து ஒளியும் அலைகளாய்க் கூடியே அவற்றை உண்டாக்கின எனத் துணிந்தார். ஆங்கில அறிஞர் தாமஸ் யங் இதனை முன்னரே கண்டாரென அறிந்ததும், அம்முதன்மையை மனமுவந்து அவருக்கே அளித்தார்.

பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அறிவித்த பரிசுக்கு 1818-இல் தம் வியாசத்தை அனுப்பினார். நடுவருள் ஒருவரான புவாஸோன், ஒளி துகள்மயமென நம்பியவர். பிரெனெலின் கணக்குப்படி வட்டத்தகட்டு நிழலின் மையத்தில் ஒளிப்புள்ளி தோன்றவேண்டுமே, அஃது எங்ஙனம் கூடுமென அவர் மறுத்தார். அராகோ என்பார் சோதித்துப் பார்க்க, அப்புள்ளி அங்கே விளங்கிற்று! மறுக்க எழுந்த வாதமே சான்றாயிற்று. 1819-இல் பரிசும் பெற்றார்.

பின்னர்க் கலங்கரை விளக்கங்களுக்குப் படிப்படியாக அமைந்த வில்லையை வகுத்தார். அது 1823-இல் கோர்துவான் விளக்கில் ஏற்றப்பெற்று மாலுமிகளுக்கு வழிகாட்டிற்று. காசநோயால் நலிந்த இவர் 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி, தம் 39-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

இக்காலத்து அறிஞர் திருகுசுருள் போல் முறுகிச் செல்லும் சுழல் ஒளிக்கற்றைகளை ஆக்குகின்றனர். அவற்றின் நடுவே ஒளியின்றி இருள் நிற்கும். அலைகளின் ஒத்திசைவு குறையக் குறைய அவ்விருளிலும் ஒளி படரும். இக்கற்றைகள் செல்லும் வகையைக் கணிக்க இன்றும் பிரெனெலின் முறையே துணையாகின்றது.

மாணவ நேயர்களே, வேலை போயிற்று, கருவி இல்லை, உடல்நலமும் இல்லை. உண்மையின்மேல் வைத்த பற்று ஒன்றே அவருக்கு இருந்தது. அது நமக்கும் வாய்ப்பதாக.