திருப்பங்களை வென்ற நுவோலாரி

இத்தாலி தேசத்து மாந்துவா நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் தாத்ஸியோ நுவோலாரி. மெலிந்து குறுகிய உருவினர். தந்தையாரும் அவருடன் பிறந்தாரும் சைக்கிள் பந்தயங்களிற் பேர்பெற்றவர்கள். இவரோ முதலில் மோட்டார் சைக்கிளிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் பந்தயம் ஓட்டினார். வலிய எஞ்சினை உடையவனே பந்தயத்தில் வெல்வான் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு இவர் வரலாறே சான்று.

நேர்வழியில் விரைதல் எஞ்சினின் வேலை. ஓட்டுவோன் திறம் விளங்குவது திருப்பத்திலேயாம். வளைந்து செல்லும் வண்டியைப் பாதையினின்று விலகாமற் காப்பது டயரின் பிடிப்பு. வளைவு அகன்றதாயின் அப்பிடிப்பு மிகுந்த வேகத்தையும் தாங்கும். ஆரம் நான்கு மடங்கானால் இருமடங்கு வேகத்தில் திரும்பலாம். ஆதலின் வல்லவன் வெளியோரத்தினின்று புறப்பட்டு, இடையில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்தை அடைவான். உள்ளோரத்தை ஒட்டியே செல்வோன் தூரத்தை மிச்சம் பிடித்துக் காலத்தை இழக்கிறான். திருப்பத்தின்பின் நெடிய நேர்வழி வருமாயின், உள்ளோரத்தைச் சற்றுத் தாமதித்துத் தொடுதலே நலம். அப்பொழுது வேகத்தை முன்னதாகக் கூட்டலாம். அவ்வேகம் நேர்வழி முழுதும் உடன்வரும்.

நிற்க. நுவோலாரி இவ்விதியை அறிந்தவர். ஆயினும் அதற்கு அடங்கியவரல்லர். 1931-இல் ஒரு பயிற்சியோட்டத்தில் என்ஸோ பெராரி அவரருகே அமர்ந்து சென்றார். முதல் திருப்பத்தில் நுவோலாரி உரிய இடத்திற்கு முன்னரே வண்டியைத் திருப்பிவிட, பள்ளத்தில் வீழ்வது திண்ணமென்று பெராரி உடலை இறுக்கிக்கொண்டாராம். வண்டியோ வீழவில்லை. நான்கு சக்கரங்களும் ஒருங்கே வழுக்க, மூக்கை உள்ளோரத்தை நோக்கி வைத்தபடியே அது சுழன்றது. திருப்பம் முடிந்தபோது நேர்வழியை நோக்கி நின்றது. வேகமிதியினின்று அவர் காலை எடுக்கவேயில்லை. அக்காலத்துப் புழுதிச் சாலைகளுக்கு இதனினும் ஏற்ற முறை யாது?

இம்முறையின் பெருஞ்சோதனை 1935 ஜூலை 28-ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நிகழ்ந்தது. சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர்; அதனுள் திருப்பங்கள் நூற்றைம்பதுக்கு மேல். எதிர்நின்றவை மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய ஜெர்மானிய வண்டிகள் ஒன்பது. நுவோலாரியின் ஆல்பா ரோமியோவோ பழைய அமைப்பினது. குதிரைத்திறனில் மிகத் தாழ்ந்தது. பாதை நனைந்திருந்தது. நேர்வழியில் இழந்ததைத் திருப்பந்தோறும் மீட்டு அவர் முதலிடம் எய்தினார். எரிபொருள் இட நின்றபோது பம்பு பழுதுற்றமையால் இரண்டு நிமிடத்திற்குமேல் கழிந்து, பின்தள்ளப்பட்டார். மீண்டும் ஒவ்வொருவராகக் கடந்தார். இருபத்திரண்டாம் சுற்றாகிய கடைசிச் சுற்றில் முன்னே சென்ற பிரௌஹிட்ஷின் டயர் வெடித்தது, நுவோலாரி வென்றார். இதனை வெறும் நல்லூழ் என்பாருமுளர். பின்னே துரத்தியவர் அத்துணை நெருக்கியிராவிடில், பிரௌஹிட்ஷ் டயரை அவ்வாறு தேய்த்திருக்க வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

புதல்வர் இருவரையும், ஒருவரை 1937-லும் மற்றவரை 1946-லும், பதினெட்டாம் வயதிலேயே இழந்தார். எஞ்சின் புகையால் நுரையீரலும் நைந்தது. அந்நிலையிலும் 1948-இல், ஐம்பத்தைந்தாம் வயதில், ஆயிரம் மைல் பந்தயத்தில் பெராரி செய்த வண்டியை ஓட்டி நெடுந்தூரம் முன்னின்றார். வண்டி உடைந்தமையாலேயே நிறுத்தினார். 1953 ஆகஸ்டு 11-ஆம் நாள் மாந்துவாவில் உயிர்நீத்தார்.