ஜாண் உவெஸ்லி ஐயரும் தேவ நடத்துதலும்

எக்காரியத்திற்கும் ஒழுங்கு இன்றியமையாதது. ஆயினும், ஒழுங்கையே பெரிதென மதிப்போர் அவ்வொழுங்கு ஏற்பட்ட நோக்கத்தை மறந்துவிடுதலும் உலகிலே காணப்படுவதாம். கிறிஸ்துவின் ஊழியத்திலும் இவ்வபாயம் உண்டு. நேற்றுப் பலனளித்த முறை இன்றைக்கும் என்றைக்கும் பலனளிக்குமென்று எண்ணி, நடத்துகின்ற தேவனை விட்டு நடந்த பாதையைப் பற்றிக்கொள்வது மனித சுபாவம். இங்கிலாந்து தேசத்தாராகிய ஜாண் உவெஸ்லி ஐயரின் ஜீவியம் இவ்விஷயத்தில் நமக்குச் சிறந்த திருஷ்டாந்தமாயிருக்கின்றது. முறைமைக்காரர் என்னும் ஏளனப் பெயரைப் பெற்ற இவரே, தாம் போற்றிய முறைமைகளை ஒவ்வொன்றாய்த் தேவசித்தத்திற்குக் கீழ்ப்படுத்த நேர்ந்தது.

இவர் 1703ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லிங்கன் மாகாணத்து எப்வர்த் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சாமுவேல் அவ்வூர்க் குரு; தாயார் சூசன்னாள் கல்வியும் பக்தியும் நிறைந்த உத்தமி. அவ்வம்மையாரின் வரலாற்றில் நம் தமிழ்நாட்டைச் சார்ந்த செய்தியொன்று உண்டு. டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்டு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் மிஷனெரிமாரின் ஊழிய விவரத்தை அடக்கிய நூலொன்று அக்குரு இல்லத்தில் இருந்தது. 1712ஆம் வருஷத் தொடக்கத்தில் கணவர் இலண்டன் சென்றிருந்த காலத்தில் அம்மையார் அதனைக் கேட்டு மிகவும் உள்ளமுருகி, தம்மால் இயன்றதைத் தாமும் செய்யவேண்டுமெனத் துணிந்தார். ஞாயிறு மாலையிலே தம் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் அவர் நடத்திவந்த சிறு ஜெபக்கூட்டத்திற்கு அயலார் வரத்தொடங்கி, வரவர ஏறத்தாழ 200 பேர் கூடினர். ஸ்திரீயொருத்தி இங்ஙனம் செய்வது முறையன்று என உதவிக்குரு முறையிட்டார். அம்மையாரோ, அதனால் விளைந்த நன்மையைக் கணவருக்கு எடுத்தெழுதி, தடைசெய்வதானால் அப்பொறுப்பைத் தாமே ஏற்றுக் கட்டளையிடும்படி கேட்டுக்கொண்டார். கூட்டம் தொடர்ந்தது. அப்பொழுது ஜாண் எட்டு வயதுச் சிறுவன்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் பயின்று, 1725இல் உதவிக்குருவாகவும் 1728இல் குருவாகவும் அபிஷேகம் பெற்ற ஜாண், லிங்கன் கலாசாலையின் அங்கத்தினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். 1729இல் தம் இளைய சகோதரராகிய சார்ல்ஸ் தொடங்கியிருந்த சிறு கூட்டத்திற்கு அவர் தலைமை பூண்டார். அக்கூட்டத்தார் நாழிகை வகுத்து வேதம் வாசித்தனர். குறித்த நாட்களில் உபவாசித்தனர். சிறைச்சாலை சென்று கைதிகளைச் சந்தித்தனர். இவர்களுடைய கண்டிப்பான நியமங்களைக் கண்டு சக மாணாக்கர் மெதடிஸ்தர், அதாவது முறைமைக்காரர், என்று பரிகசித்தனர். பரிகாசமாயிட்ட பெயர் பிற்காலத்தில் ஒரு பெருஞ்சபையின் பெயராக நிலைத்துவிட்டது.

1735இல் அவர் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா என்னும் குடியேற்ற நாட்டிற்குக் கப்பலேறினார். வழியிலே புயலெழுந்து, கடல் கப்பலைச் சூழ்ந்தபோது ஆங்கிலேயர் அலறினர். உடன்வந்த மொரேவிய சபையாராகிய ஜெர்மானியரோ, சிறுபிள்ளைகள் முதலாய் அமைதியோடு பாடிக்கொண்டிருந்தனர். எல்லா நியமங்களையும் கைக்கொண்ட தமக்கு மரணபயம் நீங்கவில்லையென்பதை உவெஸ்லி ஐயர் உணர்ந்தார். ஆயினும் ஜார்ஜியாவிலே அவர் முறைமையையே மேலும் இறுகப் பற்றினார். மெய்ப்பக்தராகிய ஒரு ஜெர்மானியப் போதகருக்கு, அவர் அத்தியட்சரால் அபிஷேகம்பெற்ற குருவின் கையால் ஞானஸ்நானம் பெறவில்லையென்ற காரணத்தால், நற்கருணை கொடுக்க மறுத்தார். தாம் மணக்க எண்ணியிருந்து பின்பு வேறொருவரை மணந்த நங்கையொருத்தியையும், முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டுமென்னும் விதி முதலியவற்றைக் காட்டி நற்கருணையினின்று விலக்கினார். அதனால் வழக்கு நேர்ந்து, ஊர் இரண்டுபட்டது. 1737 டிசம்பரில் மனம் நொந்தவராய் அவ்விடம் விட்டுப் புறப்பட்டார். விதிகள் அனைத்தும் காக்கப்பட்டிருந்தன. ஜனங்களோ அவரைவிட்டு அகன்றிருந்தனர்.

இங்கிலாந்து சேர்ந்ததும் பீற்றர் பேலர் என்னும் மொரேவியப் போதகரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. விசுவாசத்தினாலேயே இரட்சிப்பு என்னும் சத்தியம் அவருள்ளத்தைப் பற்றத் தொடங்கிற்று. 1738 மார்ச்சு மாதத்தில் ஆக்ஸ்போர்டுச் சிறையிலே, மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒருவனோடு ஜெபிக்கையில், முதலில் ஜெபப்புத்தகத்திலுள்ள ஜெபங்களைச் சொன்னவர், பிறகு உள்ளத்தினின்று எழுந்த வார்த்தைகளாலேயே ஜெபித்தார். சில நாட்களுக்குள், எழுதிய ஜெபத்தை மாத்திரம் சொல்வதென்னும் வழக்கத்தை விடுத்து, சமயத்திற்கு ஏற்றவாறு இருவகையாகவும் ஜெபிப்பதெனத் தீர்மானித்தார். அவ்வருஷம் மே 24ஆம் நாள் இலண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியிலே நடந்த கூட்டத்தில், தம் பாவங்கள் கிறிஸ்துவினால் நீங்கினவென்னும் நிச்சயத்தை அடைந்தார்.

இதன்பின் வந்த சோதனை கடுமையானது. அவருடைய நண்பராகிய ஜார்ஜ் விட்பீல்டு ஐயர், 1739இல் பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வுட் என்னுமிடத்தில், ஆலயத்திற்கு வராத நிலக்கரித் தொழிலாளருக்கு வெட்டவெளியிலே பிரசங்கித்துவந்தார். அவ்வேலையைத் தொடர்ந்து நடத்த உவெஸ்லி ஐயரை அழைத்தார். ஆலயத்திற்கு வெளியே ஆத்துமாக்களை ஆதாயஞ்செய்வதும் பாவத்தையொத்ததே என்று எண்ணி வளர்ந்தவருக்கு இது பெரும் இடறலாயிற்று. சகோதரர் சார்ல்ஸும் போகவேண்டாமென்று தடுத்தார். ஜெபித்தும், சகோதரரோடு ஆலோசித்தும், சீட்டுப்போட்டும் பார்த்தபின் அவர் புறப்பட்டார். மலைப்பிரசங்கமும் வெளியிலே நிகழ்ந்ததன்றோ என்னும் எண்ணம், அப்பகுதியை விளக்கிப் போதிக்கும்போதே அவருக்கு உண்டாயிற்று. மறுநாள், ஏப்ரல் 2ஆந் தேதி மாலை, நகர்ப்புறத்து மேட்டொன்றின்மேல் நின்று சுமார் 3,000 பேருக்குப் பிரசங்கித்தார். தம் மானத்தைத் துறந்து செய்த காரியமாகவே அதனை அவர் கருதினார். 1742இல் சொந்த ஊராகிய எப்வர்த்தில் ஆலயக்கதவு அவருக்கு அடைக்கப்பட்டபோது, தந்தையின் கல்லறைமேல் நின்று, மாலைதோறும் திரண்டுவந்த ஜனங்களுக்கு உபதேசித்தார்.

அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில் மற்றொரு காரியம் நிகழ்ந்தது. பிரிஸ்டலிற் கட்டப்பட்ட கூட்டமனையின் கடனைத் தீர்க்கும் வகையைப் பற்றி அங்கத்தினர் ஆலோசித்தபோது, கப்பல் தலைவரொருவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டுமென்றார். ஏழைகள் எப்படிக் கொடுப்பார்களென்று ஒருவர் தடைசொல்ல, அவ்வேழைகளிற் பதினொருவரைத் தம்மிடம் விடும்படியும், அவர்களாற் கூடாததைத் தாமே செலுத்துவதாகவும் அவர் ஏற்றுக்கொண்டார். இவ்வாறே பலரும் தண்டற்பொறுப்பை ஏற்று வீடுவீடாகச் சென்றனர். சென்றவர்கள், சிலர் பாவத்தில் விழுந்திருப்பதையும் சிலர் துயரத்தில் வாடுவதையும் கண்டுவந்து சொன்னார்கள். ஆத்தும விசாரணைக்குத் தாம் நெடுநாளாய்த் தேடிய வழி இதுவேயென்று உவெஸ்லி ஐயர் கண்டுகொண்டார். மெதடிஸ்த சபையின் உயிர்நாடியாய் விளங்கிய வகுப்புக்கூட்டம் இவ்வாறு பிறந்தது. எந்தப் பண்டிதனும் அதை வகுக்கவில்லை; கடன்சுமையே அதற்குக் காரணமாயிற்று.

குருப்பட்டம் பெறாதவர் பிரசங்கிப்பதையும் அவர் முதலில் ஒப்பவில்லை. இலண்டனில் தம்மால் ஜெபக்கூட்டம் நடத்த நியமிக்கப்பட்ட தாமஸ் மாக்ஸ்பீல்டு என்னும் இளைஞர் பிரசங்கமே செய்யத் துணிந்தாரென்று கேட்டு, அதை நிறுத்தும்படி பிரிஸ்டலிலிருந்து விரைந்துவந்தார். அப்பொழுது அவரோடு வசித்த முதிய தாயார், அவ்விளைஞரும் தேவனால் அழைக்கப்பட்டவராயிருக்கலாமென்றும், அவசரப்படாமல் அவர் ஊழியத்தின் கனிகளை ஆராய்ந்து, தாமே நேரிற் கேட்டுப் பார்க்கும்படியும் எச்சரித்தார். முன்னாளில் தம் வீட்டுக் கூட்டத்திற்காக வாதாடிய தாயல்லவா! மகன் கேட்டார், தடைசெய்ய மனமற்றுப் போனார். பின்னாளில் நூற்றுக்கணக்கான பட்டம்பெறாத பிரசங்கிமார் அவ்வூழியத்தைத் தாங்கினர். 1771இல் மேரி போசன்கே அம்மையாரின் பிரசங்க ஊழியத்தையும் விசேஷ அழைப்பெனக் கண்டு அவர் அங்கீகரித்தார்.

இதனால் உவெஸ்லி ஐயர் மனம்போனபடி நடந்தாரென்று எவரும் எண்ணலாகாது. விடியற்காலம் நான்கு மணிக்கு எழுவதும், நாட்குறிப்பு எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும் அவர் முதிர்வயதுவரை கைக்கொண்ட வழக்கங்கள். உள்ளத்தில் எழும் எண்ணமெல்லாம் தேவசத்தமென்று அவர் கொள்ளவில்லை. ஜார்ஜ் பெல் என்பவர் 1763 பிப்ரவரி 28ஆம் நாள் உலகம் முடியுமென்று கூறியபோது, அவரை மறுத்து அன்று மாலையே பிரசங்கித்துவிட்டு, இரவிலே வழக்கம்போல் படுக்கைக்குச் சென்றார். மாக்ஸ்பீல்டோ பெல் என்பவரின் பக்கஞ்சேர்ந்து, தம் குருவைவிட்டுப் பிரிந்தார். தேவ நடத்துதலை நம்புகிறவனுக்கு ஏமாற்றமே நேராதென்பதற்கு இஃது ஆதாரமாகாது. எனினும், ஒரு மனிதர் தவறியதனால் மற்றப் பிரசங்கிமாரை அவர் நிறுத்திவிடவுமில்லை. வேதத்தோடு ஒத்திருக்கிறதா, புத்திக்குப் பொருந்துகிறதா, அதனால் ஜனங்கள் பரிசுத்தமாகிறார்களா என்று சோதித்தறிவதே அவர் கொண்ட வழி.

அவருக்கு மிகுந்த வேதனையளித்த தீர்மானம் முதிர்வயதிலே வந்தது. அமெரிக்க சுதந்தர யுத்தத்தின்பின் அங்கே ஆங்கிலச் சபைக் குருமார் அரிதாயினர். விசுவாசிகள் ஞானஸ்நானமும் நற்கருணையுமின்றித் தவித்தனர். ஒருவருக்குப் பட்டமளித்து அனுப்பும்படி இலண்டன் அத்தியட்சரை அவர் வேண்டியும் பயன்படவில்லை. ஆதிச்சபையின் வழக்கத்தை ஆராய்ந்து, மூப்பரும் பட்டமளிக்கலாமென்று அவர் 1746 முதற்கொண்டே நம்பியிருந்தும், சபையின் ஒழுங்கைக் குலைக்க விரும்பாமல் நெடுங்காலம் பொறுத்திருந்தார். 1784 செப்டம்பரில், தம் 81ஆம் வயதில், இருவருக்குத் தாமே பட்டமளித்து, தாமஸ் கோக்கு ஐயரைக் கண்காணியாக ஏற்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்பினார். உடன்பிறந்து உடனுழைத்த சார்ல்ஸ் இதனால் மிகவும் மனமுடைந்தார். ஜாண் தாம் சாகுமட்டும் ஆங்கிலச் சபையின் குருவாகவே இருந்தும், அவர் நேசித்த அச்சபையினின்று அவர் ஜனங்கள் காலக்கிரமத்தில் பிரிந்தனர். கீழ்ப்படிதலுக்கும் ஒரு விலை உண்டு. அதை அவர் செலுத்தினார்.

1791 மார்ச்சு 2ஆம் நாள், 87ஆம் வயதில் உவெஸ்லி ஐயர் தேவனுக்குள் நித்திரையடைந்தார். அப்பொழுது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அவருடைய சங்கங்களில் 70,000க்கு மேற்பட்ட அங்கத்தினர் இருந்தனர். 1814இல் கோக்கு ஐயர் கீழ்த்திசை நோக்கிவந்து நடுக்கடலில் மரித்தபோதிலும், அவரோடு புறப்பட்ட இளம் மிஷனெரிமார் காலித் துறைமுகத்திலிறங்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழரிடையே ஊழியந் தொடங்கினர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்தி எப்வர்த்து வீட்டில் மூட்டிய தீ, ஒரு நூற்றாண்டுக்குப்பின் தமிழர் கரைக்கே திரும்பி வந்ததெனலாம். இப்பாதையை எந்த மனிதரும் வரைந்து வைக்கவில்லை.

மாணாக்கரே, கலாசாலையில் நாம் பலவித முறைகளைக் கற்கின்றோம். அவை வேண்டியவையே. ஆயினும் போதகராகவோ, ஆசிரியராகவோ, வைத்தியராகவோ நாம் ஊழியத்தில் இறங்குகையில், நம் ஏட்டிலில்லாத தேவையோடு ஒருவர் வாயிலில் வந்து நிற்பார். அப்பொழுது ஏட்டை மூடிவிட்டு அவரை நோக்கவும், ஆண்டவர் காட்டும் வழியைச் சோதித்தறிந்து அதில் நடக்கவும் நமக்குத் திடன் வேண்டும். முறைமைக்காரராகிய உவெஸ்லி ஐயர் தம் ஜீவியத்தால் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.