கோல் பிடித்த மசாகோ!

குட்டீஸ்... கேரம் விளையாடியிருப்பீர்கள்தானே? காயின் சிக்கலான இடத்தில் மாட்டிக் கொண்டால் என்ன செய்வீர்கள்? ஸ்டிரைக்கரை பக்கத்து கட்டையில் மோதவிட்டு, அது திரும்பி வந்து காயினைத் தட்டும்படி அடிப்பீர்கள். பத்து தடவை அடித்தால், இரண்டு தடவை சரியாக வரும்!

ஒருமுறை அல்ல, மூன்று முறை கட்டையில் மோத வேண்டும் என்று விதி இருந்தால்? தலை சுற்றுகிறதா? அப்படியும் ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர், 'த்ரீ குஷன் பில்லியர்ட்ஸ்.' அந்த மேஜையில் குழிகளே கிடையாது. மூன்று பந்துகள் மட்டும்தான். உங்கள் பந்தை, நீண்ட கோலால் அடிக்க வேண்டும். அது, மற்ற இரண்டு பந்துகளையும் தொட வேண்டும். ஆனால், இரண்டாவது பந்தைத் தொடுவதற்குள், மேஜையின் ஓரங்களில் குறைந்தது மூன்று முறை மோதியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு புள்ளி!

இந்தக் கடினமான விளையாட்டில், உலகின் சிறந்த ஆண் வீரர்களோடு மோதியவர்தான், ஜப்பானைச் சேர்ந்த மசாகோ கட்சுரா.

டோக்கியோவில், 1913 மார்ச் 7ல் பிறந்தார் மசாகோ. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிறகு, அக்கா வீட்டில் வளர்ந்தார். அக்காவின் கணவர், பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்று நடத்தி வந்தார். மெலிந்த, பலவீனமான பெண்ணாக இருந்த மசாகோவை, உடம்பு தேறட்டும் என்று, அம்மாவே விளையாடத் தூண்டினார்.

பதினான்கு வயதில், பில்லியர்ட்ஸ் கூடத்தில் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில், ஜப்பானிய கூடங்களில் விளையாட வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு உதவுவதும், புள்ளிகளைக் கணக்கிடுவதும்தான் பெண்களின் வேலை. மசாகோவோ, வேலை நேரம் போக, தினமும் கோலை எடுத்துப் பயிற்சி செய்தார். அதன் பலன் என்ன தெரியுமா? பதினைந்து வயதிலேயே, ஜப்பான் பெண்கள் சாம்பியன் ஆகிவிட்டார்!

ஜப்பானின் புகழ் பெற்ற வீரர் கின்ரே மாட்சுயாமா, மசாகோவுக்கு நுணுக்கங்களைக் கற்றுக் கொடுத்தார். ஐந்தடி உயரமே உள்ள மசாகோ, ஜப்பானின் தேசிய த்ரீ குஷன் போட்டியில் ஆண்களோடு மோதி, மூன்று முறை இரண்டாம் இடம் பிடித்தார். ஓரங்களில் மோத வேண்டிய அவசியமில்லாத எளிய வகை பில்லியர்ட்ஸும் உண்டு. அதில், ஒருமுறை 10,000 புள்ளிகள் எடுத்துக் காட்டினார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பின், ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ வீரர் வெர்னன் கிரீன்லீப் என்பவரைச் சந்தித்தார். 1950ல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு, கணவரோடு அமெரிக்கா சென்றார். புதிய நாடு, ஆங்கிலமும் அதிகம் தெரியாது. ஆனால், பந்துகள் பேசும் மொழி, எந்த நாட்டிலும் ஒன்றுதானே!

முன்னாள் உலக சாம்பியன் வெல்கர் காக்ரன், மசாகோவின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தார். 1952 மார்ச்சில், சான்பிரான்சிஸ்கோ நகரில் உலக த்ரீ குஷன் போட்டி நடந்தது. மொத்தம் 10 பேர். அதில், ஒரே ஒரு பெண் மசாகோ! உலகப் பட்டத்துக்காக பில்லியர்ட்ஸ் களத்தில் இறங்கிய முதல் பெண்ணும் அவர்தான். போட்டி நடந்த அந்த மாதத்தில்தான், அவருக்கு 39 வயது நிறைந்தது.

ஒரு பெண்ணால் என்ன செய்துவிட முடியும் என்று பார்க்கவே, ஏராளமானோர் கூடினர். அனுபவசாலிகள் சிலர் அவரிடம் தோற்றனர். பட்டத்தை வென்றவர், ஜாம்பவான் வில்லி ஹோப்பே. மசாகோவுக்கு ஏழாம் இடம். அத்தோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. 1953ல் ஐந்தாம் இடம். 1954ல், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்சில் நடந்த போட்டியில் நான்காம் இடம். படிப்படியாக மேலே ஏறினார். 1961ல், சாம்பியன் ஹரால்டு வொர்ஸ்டை எதிர்த்து விளையாடித் தோற்றார். பின், மெல்ல மெல்ல களத்திலிருந்து விலகினார். 1967ல் கணவர் இறந்தார்.

ஆண்டுகள் பல கடந்தன. 1976ல் ஒருநாள், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் நுழைந்தார் மசாகோ. சொந்தக் கோல்கூட கையில் இல்லை. அங்கிருந்தவரிடம் ஒரு கோலைக் கேட்டு வாங்கி, விளையாட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஒருமுறைகூடத் தவறவிடாமல், 100 புள்ளிகள்! பிறகு, புன்னகையோடு கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசிக் காலத்தில் ஜப்பான் திரும்பிய அவர், 1995ல் காலமானார். 2021 மார்ச் 7ல், கூகுள் தன் முகப்பில் அவரது படத்தை வைத்து கவுரவித்தது.

மசாகோ, உலகப் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால், பெண்களுக்கு மூடியிருந்த கதவை முதலில் தள்ளித் திறந்தவர் அவர். இன்று, உலகெங்கும் பெண்கள் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் விளையாடுகின்றனர். நம் நாட்டின் உமாதேவி நாகராஜ், 2012ல் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் பட்டத்தையே வென்றார்.

அடுத்த முறை கேரம் ஆடும்போது, உங்கள் தங்கையோ, பக்கத்து வீட்டுச் சிறுமியோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால், ஸ்டிரைக்கரை அவளிடமும் கொடுங்கள் குட்டீஸ். அவள் கையிலும், ஒரு மசாகோ ஒளிந்திருக்கலாம்!