நண்பரின் பெயரை மறந்த மேதை

1882-ம் ஆண்டு, மார்ச் மாதம். அமெரிக்காவின் புகழ்பெற்ற கவிஞர் லாங்பெல்லோ இறந்துவிட்டார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் ஒரு முதியவரும் இருந்தார். அவர் இறந்தவரின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். நல்ல மனிதர் என்பது நினைவில் இருந்தது. பெயர் மட்டும் வரவில்லை. இறந்தவரோ அவருடைய நெடுநாள் நண்பர்!

அந்த முதியவர் யார் தெரியுமா? பேரறிஞர் எமர்சன்!

1,500 சொற்பொழிவுகள்

எமர்சன் 1803-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். எட்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். தாய், வீட்டில் பிறரைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

எமர்சன் பாதிரியார் ஆனார். 1832-ல் அந்த வேலையை விட்டார். பிறகு ஊர் ஊராகச் சென்று பேசினார். வாழ்நாளில் சுமார் 1,500 சொற்பொழிவுகள்! நம் பகவத் கீதையையும் அவர் விரும்பிப் படித்தார்.

வீட்டில் தீ

கான்கார்டு என்ற சிற்றூரில் அவர் வசித்தார். 1872 ஜூலையில், ஒரு விடியற்காலையில் வீடு தீப்பற்றியது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து புத்தகங்களைக் காப்பாற்றினார்கள். முன்பே தலைகாட்டிய மறதி, அதன்பின் அதிகமாயிற்று.

நண்பர்கள் பணம் திரட்டினார்கள். மகள் எலனுடன் அவர் எகிப்துக்குப் போய் வந்தார். 1873-ல் திரும்பியபோது ஊரில் மணி முழங்கியது. பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே அவரை அழைத்துச் சென்றனர். வீடு புதுப்பிக்கப்பட்டிருந்தது. புத்தகங்கள் பழைய இடத்திலேயே இருந்தன.

மகளின் துணை

சொற்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு நாள் குடை என்ற சொல் வரவில்லை. வருகிறவர்கள் எடுத்துப் போய்விடும் பொருள் என்று சொல்லிச் சமாளித்தார்!

அப்போதும் அவரை யாரும் ஒதுக்கவில்லை. கூட்டங்களுக்கு எலன் உடன் சென்றாள். அவர் பேசும்போது, தடுமாறினால் உதவக் காத்திருந்தாள். கேபட் என்ற நண்பர் பழைய குறிப்புகளைத் தொகுத்து, 1875-ல் நூல் வெளிவர உதவினார். எலன் திருமணமே செய்துகொள்ளவில்லை.

1882 ஏப்ரல் 27-ந் தேதி, எமர்சன் தம் வீட்டிலேயே காலமானார்.

2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த வீடுகளிலும் எலனைப் போல் யாரோ ஒருவர் கண்விழித்துக் காத்திருக்கிறார். ஆனால் எலன் தனியாக இல்லை. அவளுக்குத் தோள் கொடுக்க ஓர் ஊரே இருந்தது.